பெரியம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது

எங்கள் சொந்தத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன முதல் ஆள் ஒரு பெண். எனக்குப் பெரியம்மா முறை. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு எங்களைத் தெரியவே தெரியாது. அவர் பெயர் என்ன என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் வருடத்தில் நாலைந்து முறையாவது அவரை நினைத்துக்கொள்கிறேன். நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நான் ஐந்தாவதோடு நின்று முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனவன். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கதையை வாயால் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, மைக் செட் வைத்திருந்தார். கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு காலனியில் அவர் வீடு. ஊர் தனியாக இருந்தது, காலனி தனியாக இருந்தது. நடுவில் வயலும் ஒரு வாய்க்காலும். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு கார் பேட்டரி, ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள். மாமாவின் சொத்து அவ்வளவுதான். கல்யாணமோ காதுகுத்தோ மாதா கோயில் தேரோ, எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மைக் போட வேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் பர்மிட் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி செருகி வைத்திருப்பார். போலீஸ்காரர் கையெழுத்து தன் நெஞ்சில் இருக்கிறது என்று அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். காலாண்டுப் பரீட்சை லீவுக்கு முதுநகரில் ரயில் ஏற்றி என்னை மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். போன மறுநாளே அந்தத் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டேன். எல்லா ரெக்கார்டு உறையிலும் சினிமாக்காரர்களும் சாமிகளும் இருந்தார்கள். ஒன்றில் மட்டும் ஒரு கறுப்பான அம்மா. ஒட்ட வெட்டிய முடி. காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தார். அவர் நெற்றி அப்படியே எங்கள் அம்மாவின் நெற்றி.

"மாமா, இது யாரு?"

மாமா ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். துப்பிவிட்டுச் சொன்னார். "தெரியல? எனக்கு அக்கா முற. உனக்குப் பெரியம்மா."

அது எங்கள் கோயிலில் இருந்த வெளிநாட்டு ஃபாதர் ஊருக்குத் திரும்பும்போது மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஃபாதர் கொடுக்கும்போது அந்த அம்மாவின் கதையையும் சொல்லியிருக்கிறார். மாமா அதைத் தன் வாயில் போட்டு மென்று எனக்குச் சொன்னார்.

"அந்த தேசத்துல கறுப்பா இருக்கறவங்களுக்குத் தண்ணி குடிக்கத் தனிக் குழாய்டா. பஸ்ல பின்னாடி சீட்டு. ஓட்டல்ல உள்ளார உக்கார உடமாட்டான். ஆனா பாட்டு மட்டும் வேணும் அவனுக்கு. பின் வாசல் வழியா வந்து பாடிட்டு, பின் வாசல் வழியாவே போயிடணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, ஒரு நாளு பெரியம்மா முன் வாசல் வழியாத்தான் வருவேன்னுட்டாங்க."

அதற்கப்புறம் பெரியம்மா சும்மா இருக்கவில்லையாம். ஓட்டுப் போட எங்களையும் விடு, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளையும் சேர் என்று ஜனங்கள் ஊர்வலம் போனபோது, அவரும் கூடவே நடந்து, நடுத்தெருவில் நின்று பாடினாராம். ரேடியோக்காரன் அவர் பாட்டைப் போடுவதை நிறுத்திவிட்டான். பாடக் கூப்பிட்ட மண்டபத்துக்காரர்களே கதவைப் பூட்டிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் எந்நேரமும் ஒரு போலீஸ் வண்டி. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் பிறந்த தேசத்தை விட்டே போய் எங்கேயோ இருந்தாராம்.

"பாடறத வுட்டுட்டாங்களா மாமா?"

"வுட்டிருந்தா நம்ம பொட்டிக்குள்ள எப்படிறா வருவாங்க?"

எனக்கு ஒரு கணக்கு நேராகிவிட்டது. அந்த ஊர் டீக்கடையில் எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ் கிடையாது. கூரையில் செருகி வைத்த அலுமினிய டம்ளரை நாமே எடுத்து, குடித்துவிட்டு, கழுவி, திரும்பச் செருக வேண்டும். வந்த அன்றைக்கே மாமாவோடு போய்ப் பார்த்திருந்தேன். தனிக் குழாயில் தண்ணீர் குடித்தவர் என்றால் வேறு யாராக இருக்க முடியும்?

"அவுங்க நம்ம தெருவா மாமா?"

மாமா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். "பின்ன? நம்ம தெருதான். உங்க ஊரு துறைமுகத்துலதான் கப்பல் ஏறுனாங்க."

அதோடு எனக்கு இருந்த ஒன்றிரண்டு சந்தேகமும் போய்விட்டது. துறைமுகம் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தானே இருந்தது. கப்பலையும் நான் பார்த்திருந்தேன்.

அத்தைக்கு அந்த ரெக்கார்டில் ஒரு பாட்டு மேல் உயிர். மாமா செட்டைச் சரிபார்க்கப் போடும்போதெல்லாம் அதையே போடச் சொல்லுவார். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. அடுப்பில் முறத்தில் கை வேலையாக இருக்க, மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே போவார். அத்தைக்குக் கனத்த குரல். கோயிலில் மற்றப் பெண்கள் மேலே மேலே ஏறும்போது அத்தை மட்டும் கீழேயே நின்று பாடுவார். அந்த அம்மாவுக்கும் அதே குரல்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது பெட்டி, எது அத்தை என்று தெரியாது. சொந்தத்துக்குள் குரல் ஒன்றுபோல் இருப்பதில் என்ன அதிசயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயா வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தத் தெருவிலேயே முதல் கவர்மென்ட் வேலை. அப்போதெல்லாம் பள்ளிக்கூட லீவு நாளிலும் சத்துணவு உண்டு. காலையில் குளித்து, தலை வாரி, சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வரப்பில் நடக்கும்போது, களத்தில் இருக்கும் கிழவர்கள்கூட எழுந்து வழி விடுவார்கள்.

போன மூன்றாம் நாள் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பி, வாயைத் திறந்தால் காதில் குத்தியது. இந்த வியாதிக்குக் கழுத்தில் தங்கம் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தங்கம் பட்டால் வீக்கம் வெட்கப்பட்டு இறங்கிவிடுமாம். அந்தத் தெருவில் சொல்லும்படியாக இருந்தது ஒரே ஒரு தங்கச் சங்கிலி. எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் அது கேட்காமலே அங்கே வந்துவிடும். இப்போது என் கழுத்துக்கு வந்தது. மஞ்சள் அப்பிய கன்னமும் தங்கச் சங்கிலியுமாக என்னை வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். நோய்க்காக இல்லை, சங்கிலிக்காகத்தான் என்னை வெளியே விடவில்லை என்று நினைக்கிறேன்.

அது சம்பா நடவு நேரம். பெரிய பண்ணையின் வயலில் நடவு நடும் பெண்களுக்குக் கூலியை நெல்லாக அளப்பார்கள். மரக்காலில் அளந்த பிறகு இன்னொரு கை அள்ளிப் போட்டால்தான் வயலில் இறங்குவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். பண்ணை முடியாது என்றது. நாலு நாளாக யாரும் இறங்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மாதா கோயில் முன்னால் பெண்கள் எல்லாரும் கூடினார்கள். மாமா மைக் போட்டார். ஜெபக் கூட்டம் என்று சொல்லித்தான் பர்மிட் வாங்கியிருந்தார். அதுவும் ஒரு ஜெபம்தான் என்று பின்னாளில் சொல்லுவார்.

ஒரு குழாயைக் கோயில் வேம்பில் கட்டினார். இன்னொன்றை ஊரைப் பார்த்துப் பனை மரத்தில் கட்டினார். ரெக்கார்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் வீட்டுக்குள் சங்கிலிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யார் யாரோ பேசினார்கள். பிறகு அந்த மெட்டு வந்தது. பெரியம்மா! பெட்டிக்குள் பாடியதைவிடப் பெரிய குரலாக, வயலெல்லாம் கேட்கும்படி பாடினார். காற்று திரும்பும்போது வார்த்தையும் வந்தது.

சேறு எங்க காலுல
சோறு உங்க எலையில
இன்னும் ஒரு கை போடுங்க
இல்ல வந்து நீங்க நடுங்க

பெரியம்மா தமிழில் பாடுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் தெருக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தால் தமிழில் பாடாமல் வேறு எதில் பாடுவார்? கடைசி வரி வந்ததும் பெண்கள் எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடியும் பெரியம்மா பாடினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தைக்கு முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் பளபளப்பு. எனக்குக் கஞ்சி கரைத்து ஊட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

காலையில் ஜீப் வந்தது.

அத்தை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பும் நேரம். சப் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். கூட ஏட்டு, வயதான மனிதர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வரப்பின் மேல், குடையோடு பண்ணையின் காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

"ஜெபக் கூட்டம்னு பர்மிட் வாங்கிட்டுப் பண்ணைய நாறடிச்சிருக்கீங்க. பாடுனவ எவ?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கும்பல்ல யாரோ மைக்க வாங்கிப் பாடுனாங்க சார். நான் ஒயரப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மைக்கு உன்னுது. பாடுனவ முகம் மட்டும் தெரியாதா? சொல்லிட்டா உன்ன வுட்டுடறேன். பேர எழுதிக்கிட்டுப் போறேன். கவர்மென்ட் சம்பளம் வாங்கறவ எவளோதான் பாடுனான்னு கேள்விப்பட்டேன். அப்படி இருந்துச்சுன்னா இன்னையோட அந்த வேல காலி." சப் இன்ஸ்பெக்டர் அத்தைப் பக்கம் திரும்பினார். "நீ என்னா வேலம்மா பாக்கற?"

அத்தை வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் இருந்த சாவி மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சத்துணவுல ஆயா சார்" என்றார் மாமா.

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?"

தெரு முழுவதும் வாசலில் நின்றது. அத்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், கட்டிய தொண்டையே காட்டிக் கொடுத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கதவு ஓரத்தில் நின்று நான் எட்டிப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர் கண் என் மேல் விழுந்தது.

"டேய், இங்க வா. கன்னம் என்னாடா?"

"பொன்னுக்கு வீங்கி சார்" என்றார் ஏட்டு, எனக்குப் பதிலாக.

"பயப்படாத. நேத்து மைக்குல பாடுனது யாரு? உனக்குத் தெரியும். சொல்லு."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டாலே எனக்குப் பதில் வராது. ஆனால் இது எனக்குத் தெரிந்த கேள்வி. உள்ளே ஓடினேன். தகரப் பெட்டியைத் திறந்து ரெக்கார்டை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இவுங்க."

"இது யாரு?"

"எங்க பெரியம்மா. கப்பல்ல போனவங்க."

சப் இன்ஸ்பெக்டர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளயாடறியா? பாட்டு தமிழ்ப் பாட்டு."

"அவுங்களுக்குத் தமிழ் தெரியும் சார். நம்ம தெருதான் அவுங்க."

"நீ பாத்தியா?"

"கேட்டேன் சார். இவுங்க கொரல்தான். மாதா மேல சத்தியமா."

கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொன்னால் அதை அந்த மனிதர் நிச்சயம் கண்டுபிடித்திருப்பார். அவர் என் முகத்தில் வெகுநேரம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வாய்க்காலைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், இங்க வாய்யா! வந்து ஆளக் காட்டு."

காரியஸ்தர் வரப்பை விட்டு இறங்கவில்லை. "நான் எப்படிங்க அங்க வர முடியும்? பாட்டு கேட்டுது. பொம்பளக் கொரல்."

"கேட்டுதா, பாத்தியா?"

"இங்கருந்துதாங்க கேட்டேன். காலனிக்குள்ள நான் எப்படிங்க..."

"உங்காளுங்கள்ல வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"எங்க ஆளு யாருங்க அதுக்குள்ள போவான்?"

ஏட்டு குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். அவர் சிரிப்பதை நான் பார்த்தேன். எதற்கென்று விளங்கவில்லை. எங்கள் தெருவில் கால் வைத்தால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளியே நின்றவர்களுக்கு, அன்றைக்குச் சாட்சி சொல்ல ஒரு ஜோடிக் கண்கூட இல்லாமல் போய்விட்டது.

சப் இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்ப அவருக்கு மனசில்லை. "எல்லாத்தையும் ஜீப்ல ஏத்து. இவனையும் ஏத்து" என்றார். ஆம்ப்ளிஃபையர், குழாய்கள், பிளேயர், பேட்டரி எல்லாம் ஏறின. மாமா ஏறினார். கடைசியாக என் கையிலிருந்த ரெக்கார்டையும் ஏட்டு வாங்கிக்கொண்டார்.

"பாடுனவங்களக் கூட்டிக்கிட்டுதான் போறோம்" என்றார்.

நான் ஓவென்று அழுதேன். மாமா ஜீப்பிலிருந்தபடியே சொன்னார். "அழுவாதடா. பெரியம்மாவுக்கு ஸ்டேஷன் ஒண்ணும் புதுசு இல்ல."

கிளம்புவதற்கு முன் ஏட்டு அத்தையிடம் தண்ணீர் கேட்டார். அத்தை சொம்பில் கொடுத்தார். வாய் வைத்துக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பித் தரும்போது மெல்லச் சொன்னார். "மொளகு தட்டிப் போட்டுப் பால் குடிம்மா. ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசாத." போலீஸ்காரருக்கு வைத்தியமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா சாயங்காலம் நடந்தே திரும்பி வந்தார். ஒரு பக்கக் கன்னம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது.

"உன் வியாதி எனக்கு ஒட்டிக்கிச்சுடா" என்றார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. என்னால் வந்தது அல்லவா? சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன். மாமா அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப தேவல" என்றார். அத்தை அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கழுத்தில் சங்கிலியோடு என் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்ட மாமா, அடுத்த மூன்று நாளும் என்னோடு சேர்ந்து கஞ்சிதான் குடித்தார்.

நடந்தது இவ்வளவுதான். பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பண்ணையிலிருந்து ஆள் வந்தது. இன்னும் ஒரு கை நெல் போட ஒத்துக்கொண்டார்கள். நாற்று அதற்கு மேல் காத்திருக்காது. பெண்கள் வயலில் இறங்கினார்கள்.

மாமாவுக்கு மட்டும் அதற்குப் பிறகு பர்மிட் கிடைக்கவில்லை. ஜெபக் கூட்டம் என்று சொன்னாலும் கல்யாணம் என்று சொன்னாலும், நாளைக்கு வா என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. செட்டைத் திருப்பித் தரவும் இல்லை. ஸ்டேஷனின் பின்பக்கத்தில் இரண்டு மழைக்காலம் நனைந்து குழாயில் சிலந்தி கூடு கட்டியதை மாமாவே பார்த்துவிட்டு வந்தார். ரெக்கார்டையாவது தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த ஏட்டு உறையின் பின்பக்கத்து இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. "அந்தம்மாவ அவுங்க ஊரு போலீஸே உடலன்னு எழுதியிருக்குதுய்யா. நாங்க மட்டும் எப்படி உடுவோம்?" என்றாராம். மாமா சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு மாமா முதுநகருக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வாரம் ஒரு முறை கிள்ளைக்கு ரயில் ஏறுவார். எனக்குப் பதினைந்து வயதில் நானும் அதே துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அன்றைக்குப் பாடியது அத்தைதான் என்று அவர் சொன்னார்.

"நீ சொன்னது பொய்யா இருந்திருந்தா அவன் புடிச்சிருப்பான்டா. உண்மையா இருந்ததாலதான் உங்கத்த தப்பிச்சுது."

"அப்ப பெரியம்மா?"

"மண்டபத்தப் பூட்டுனானுங்க அவுங்களுக்கு. மைக்கப் புடுங்கிட்டானுங்க எனக்கு. சொந்தம் இல்லன்னு எவன்டா சொல்லுவான்?"

அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். மாமா இப்போது இல்லை. கடைசிவரை ஒரு கல்யாண வீட்டைக் கடந்து போனால், குழாய் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

அத்தை அதே பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகும் வரை சமைத்தார். அந்த ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மகள் படித்து இன்றைக்குச் சிதம்பரத்தில் டீச்சராக இருக்கிறாள். என் தங்கையை அத்தைதான் தன் வீட்டில் வைத்துக் காலேஜ் வரை படிக்க வைத்தார். என் மகள் கடலூரில் நர்ஸ். படிக்காத நான், படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். எங்கள் தெருவில் இப்போது நாலு வீட்டுக்கு ஒரு கவர்மென்ட் வேலை. அந்த ஊர் டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே காகிதக் கப்.

போன வருடம் மகளிடம் மட்டும் இதைக் கொஞ்சம் சொன்னேன். "பேரு சொல்லுப்பா, போன்ல தேடித் தரேன்" என்றாள். பேர் எனக்குத் தெரிந்தால்தானே? கறுப்பாக இருந்து, பாடி, தன் ஜனத்துக்காகப் பேசி, அதனால் கஷ்டப்பட்ட பெண்கள் என்று அவளாகவே தேடினாள். முகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவருக்கு ரேடியோ கதவைச் சாத்தியது. ஒருவரைச் சொந்த தேசத்துக்குள் வர விடவில்லை. ஒருவர் வீட்டைப் போலீஸ் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. ஒரே ஒரு பெரியம்மா என்று நினைத்திருந்தேன். ஒரு தெருவே இருந்திருக்கிறது. என் பெரியம்மாவின் முகம் அதில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எங்கேயோ, எதற்காகவோ அந்த அம்மா பாடினார். அதற்கு அவர் கொடுத்தது கொஞ்சம் இல்லை. தான் பாடிய மெட்டு கிள்ளைப் பக்கத்து வயலில் ஒரு கை நெல் கேட்டது என்றோ, ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற அவர் போட்டோ ஜீப்பில் ஏறியது என்றோ அவருக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அந்த லீவின் கடைசி நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீக்கம் இறங்கிவிட்டது. மாமா என்னைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார். அத்தை அன்றைக்கு வேலையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, கிள்ளை ரயில்வே ஸ்டேஷன் வரை கூடவே வந்தார். மாமா டிக்கெட் எடுக்கப் போனார். அத்தைக்குத் தொண்டை சரியாகியிருந்தது. எனக்கு வழியில் சாப்பிட வேர்க்கடலை வாங்கிப் பையில் கொட்டினார்.

அத்தனை நாளாக மனசில் கிடந்தது எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

"அத்த, நான்தான் பெரியம்மாவப் போலீஸ்ல காட்டிக் குடுத்துட்டேன்" என்றேன். "நீங்கல்லாம் யாருமே சொல்லல. நான் சொல்லிட்டேன். இனிமே அவுங்கள வுடவே மாட்டாங்கல்ல?"

அத்தை சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்து, என்னை இழுத்து, என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அவர் உடம்பு முழுவதும் குலுங்கியது. ரயில் வந்து நின்றது. மாமா கூப்பிட்டார். அப்போதும் விடவில்லை.

அத்தைக்கு என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தப் பெரியம்மாவைக் காட்டிக் கொடுத்தவனை அடிக்க மனசு வராமல்தான் இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்து, "இனிமே யாரு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன் அத்த" என்று அவர் காதில் சத்தியம் செய்தேன்.